நாற்பது ரூபாய் அரண்மனை

என் வயதுக்காரர்களிடம் "சொந்தச் சம்பாத்தியத்தில் முதலில் என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்டால், ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வரும். கைக்கடிகாரம், சைக்கிள், டிரான்சிஸ்டர் ரேடியோ, கல்யாணத்துக்குப் பிறகு மிக்ஸி, அப்புறம் டி.வி. எல்லாமே கையால் தொட்டு, தட்டிப் பார்த்து, பேரம் பேசி, வீட்டுக்குக் கொண்டு வந்து குங்குமம் வைத்த பொருள்கள். கெட்டுப் போனாலும் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக் கொள்வார்.

1994இல் நான் 40 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒன்று இந்தப் பட்டியலில் சேராது. அதற்கு எடையும் இல்லை, உருவமும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. வாங்கியபோது எனக்கு வயது 42. விளையாட்டுப் பொம்மைகளை விட்டு முப்பது வருஷம் ஆகியிருந்தது. அதை வாங்கிய காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் வங்கிக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் கிளார்க். பெரிய பெரிய லெட்ஜர்கள், வவுச்சர் கட்டுகள், பித்தளை டோக்கன்கள், சாயங்காலம் டே புக் டேலி ஆகும் வரை வீட்டுக்குப் போக முடியாத வேலை. பத்து பைசா வித்தியாசம் என்றாலும் எல்லோரும் உட்கார்ந்து தேட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் "மெஷின் வரப் போகிறது" என்ற பேச்சு எண்பதுகளிலேயே கிளம்பி விட்டது. ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை கொடுத்தது. அதற்கு முன்னும் பின்னுமாக 1983, 1987, 1993 ஆகிய ஆண்டுகளில் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான ஐ.பி.ஏ.வுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. எத்தனை மெஷின், எந்தெந்தக் கிளைகளில், என்னென்ன வேலைக்கு என்று ஒவ்வொன்றையும் பேசிப் பேசித்தான் விட்டார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல்லே அப்போது பலருக்குக் கசந்தது. முதலில் வந்தவற்றை "அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்" என்றுதான் அழைத்தோம்.

நானும் வாயிற்கூட்டங்களில் நின்று கோஷம் போட்டவன். அதைத் தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஒரு ஆள் செய்கிற வேலையை ஒரு பெட்டி செய்யும் என்றால், அந்த ஆளின் கதி என்ன என்று யாராவது கேட்கத்தானே வேண்டும்?

ஆனால் கோஷத்துக்குப் பின்னால் இன்னொரு பயமும் இருந்தது. அதை யாரும் வெளியே பேச மாட்டோம். வேலை போய்விடும் என்பதல்ல அது. நம்மால் முடியாமல் போய்விடுமோ என்ற பயம். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பி.காம். முடித்து நேராகப் பரீட்சை எழுதி உள்ளே வந்தவன். லெட்ஜரில் முத்து முத்தாக எழுதுவேன் என்று பெயர். அந்தக் கையெழுத்துக்கு இனி வேலை இல்லை என்றால் எனக்கு என்ன மரியாதை?

1994 ஆரம்பத்தில் எங்கள் கிளையும் பட்டியலில் வந்துவிட்டது. அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் வரும் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் ஒருவரின் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டினார்கள். கூட்டுறவுச் சொசைட்டியில் கடன் போட்டு ஒன்றை வாங்கினேன். 286 என்பார்கள் அந்த ரகத்தை. கறுப்பு வெள்ளை திரை, ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி போடுகிற வாய். விலை 11,500 ரூபாய். அன்றைக்கு அது என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். வீட்டில் கேட்டதற்கு "பையன் படிப்புக்கு" என்றேன். பையன் அப்போது ஏழாம் வகுப்பு. அவன் படிப்புக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவன் அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் ஒன்றும் சொல்லாமல் பழைய பட்டுப் பாவாடைத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள்.

ஸ்டீல் மேஜை, ஸ்டெபிலைசர், உறை எல்லாம் வந்தாயிற்று. இரண்டு மாதம் அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. சாயங்காலம் உறையை எடுப்பேன், ஸ்விட்சைப் போடுவேன். "சி" என்று ஓர் எழுத்து வந்து, பக்கத்தில் ஒரு கோடு மினுக் மினுக்கென்று கண்ணடிக்கும். டி, ஐ, ஆர் என்று அடித்தால் ஒரு பட்டியல் ஓடும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எதையாவது அமுக்கி எதாவது அழிந்துவிட்டால்? 11,500 ரூபாய் ஆயிற்றே! மறுபடி ஸ்விட்சை அணைத்து உறையைப் போட்டு விடுவேன். பையனையும் தொட விடுவதில்லை.

கடைசியில் அவன்தான் சொன்னான். "அப்பா, என் ஃபிரெண்டு வீட்ல கேம் இருக்குப்பா. அது இருந்தா நமக்கும் கம்ப்யூட்டர் வரும்ப்பா."

"வரும்" என்றால் பழக்கத்துக்கு வரும் என்று அர்த்தம். நீச்சல் வரும், சைக்கிள் வரும் என்று சொல்வோமே, அந்த மாதிரி. எனக்கு அது பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

அப்போதெல்லாம் வங்கிக்குச் சனிக்கிழமை அரை நாள். ஒரு சனிக்கிழமை மதியம் பையனைக் கூட்டிக் கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பும் அந்தச் சந்துகளைத் தெரியாத சென்னைக்காரர் உண்டா? அப்போது ஊருக்கு மெட்ராஸ் என்றுதான் பெயர், சென்னை ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. எனக்கு அந்தத் தெரு பழக்கம்தான். இளவயதில் ரேடியோ ரிப்பேருக்கு வால்வும் கண்டென்சரும் தேடி அலைந்த இடம். பிறகு டேப் ரிக்கார்டர் ஹெட், டி.வி. ஆன்டெனா பூஸ்டர் என்று காலத்துக்கு ஏற்றபடி கடைகள் சட்டையை மாற்றிக் கொண்டே வந்தன. 1994இல் பாதித் தெரு கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. சால்டரிங் வாசனை மட்டும் மாறவில்லை.

ஒரு மாடிப்படிக்கு அடியில், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. உள்ளே இருபது வயதுப் பையன் ஒருவன். சரம் சரமாகத் துளை போட்ட பிரின்டர் தாளில் விளையாட்டுகளின் பெயர்ப் பட்டியலை நீட்டினான். ஒன்றும் புரியவில்லை.

"என்ன மெஷின் சார்? 386ஆ?"

"286ப்பா."

"அப்ப டூம் ஓடாது. மானிட்டர் கலரா?"

"கறுப்பு வெள்ளை."

அந்தப் பையன் என்னை அனுதாபத்தோடு பார்த்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் "பையனுக்கு உத்தியோகம் பர்மனென்ட்டா?" என்று கேட்டபோது கூட எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்ததில்லை. பிறகு அவனே, "பிரின்ஸ் ஆஃப் பெர்சியா எடுத்துக்குங்க சார். எந்த மெஷின்லயும் ஓடும். அதுல ஆள் ஓடறதைப் பாருங்க, அசந்துடுவீங்க" என்று தன் திரையில் ஓட்டிக் காட்டினான்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சராய் போட்ட ஒரு வாலிபன். ஓடினான், பள்ளத்தைத் தாண்டினான், விளிம்பைக் கையால் பிடித்துத் தொங்கி ஏறினான். பொம்மை மாதிரி இல்லை. ஏறும்போது உடம்பின் கனம் தெரிந்தது. என் பையன் வாயைப் பிளந்து கொண்டு நின்றான். நானும்தான்.

காலி ஃபிளாப்பியின் விலையும் சேர்த்து 40 ரூபாய் என்றான். பேரம் பேசிப் பார்த்தேன், மசியவில்லை. ஃபிளாப்பியைச் சொருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. கரகரவென்று ஒரு நிமிஷம் சத்தம். எடுத்துக் காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் பெயர் எழுதிக் கொடுத்தான். கூடவே ஒரு ஜெராக்ஸ் தாள்.

"இது எதுக்குப்பா?"

"முதல் ரவுண்டு முடிஞ்சதும் மருந்து பாட்டில் நிறைய வரும் சார். புஸ்தகத்துல இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது வார்த்தைன்னு கேட்கும். அந்த வார்த்தையோட முதல் எழுத்து எந்த பாட்டில் மேல இருக்கோ, அதைத்தான் குடிக்கணும். மாத்திக் குடிச்சா ஆள் காலி."

அசலாகப் பெட்டியோடு வாங்கியவர்களிடம் கையேடு இருக்கும், மற்றவர்கள் மாட்டிக் கொள்வார்கள் என்பது விளையாட்டை உண்டாக்கியவர்களின் கணக்கு. ரிச்சி தெருவின் கணக்கு வேறு. அந்தக் காலத்தில் அசல் பெட்டியை நான் எந்தக் கடையிலும் கண்ணால் கூடக் கண்டதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 1984லேயே கம்ப்யூட்டர் புரோகிராமையும் சேர்த்துவிட்டார்கள் என்று பிற்பாடு படித்தேன். அந்தச் சட்டம் ரிச்சி தெரு மாடிப்படி வரை வந்து சேரப் பல வருஷம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் என் அப்பா கேட்டார். அவருக்கு அப்போது 76 வயது.

"எவ்வளவுடா?"

"40 ரூபாப்பா."

ஃபிளாப்பியைக் கையில் வாங்கி, வளைத்துப் பார்க்கப் போனார். பையன் அலறி அடித்துக் கொண்டு பிடுங்கினான். "காத்தாட்டம் இருக்கே. இதுக்கா 40 ரூபா? உள்ள என்னடா இருக்கு?"

"ஒரு அரண்மனை இருக்கு தாத்தா" என்றான் பையன்.

அன்று ராத்திரி பத்து மணி வரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

கதை சின்னதுதான். ராஜா ஊரில் இல்லாத நேரம். ஜாஃபர் என்ற மந்திரி ராஜகுமாரியை அறையில் அடைத்து, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள், இல்லையேல் சாவு" என்கிறான். யோசிக்க ஒரு மணி நேரம் கெடு. மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறான். அவளுக்குப் பிரியமானவன் அடியில் பாதாளச் சிறையில் கிடக்கிறான். 60 நிமிஷத்துக்குள் 12 நிலைகளைக் கடந்து அவன் மேலே போய்ச் சேர வேண்டும். நடுவில் தரையிலிருந்து ஈட்டிகள் முளைக்கும், கத்தரி மாதிரி கத்திகள் சட்டென்று மூடும், காலை வைத்ததும் பலகை விழும், வாளோடு காவலர்கள் நிற்பார்கள். நாமெல்லாம் சின்ன வயதில் கேட்ட ஏழு மலை ஏழு கடல் கதைதான். கேட்பதற்குப் பதில் நாமே போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு பார்ப்பார். "இந்தப் பையன் பொம்மை இல்லடா. நிஜமா ஒருத்தன் ஓடியிருக்கான். அதைப் பார்த்துத்தான் போட்டிருக்காங்க" என்று முதல் நாளே சொன்னார். நான் நம்பவில்லை. பல வருஷம் கழித்துப் படித்தேன், அப்பா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் உண்டாக்கிய விளையாட்டு அது, 1989இல் வெளிவந்தது. தன் தம்பி டேவிட்டை ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவாகப் பார்த்து வரைந்திருக்கிறார். வாள் சண்டைக்கு எரால் ஃபிளின் நடித்த 1938ஆம் வருஷத்து ராபின் ஹூட் படம். இசையமைத்தது அவருடைய அப்பா. தம்பி ஓட, அப்பா இசை போட, அண்ணன் உட்கார்ந்து செய்த குடும்பக் கைத்தொழில்!

பையனுக்கு ஒரு வாரத்தில் விரல் பழகி விட்டது. எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இரவு அவன் தூங்கிய பிறகு நான் மட்டும் உட்காருவேன். குதித்தால் விழுவேன், செத்துப் போவேன், அதே நிலையின் ஆரம்பத்தில் மறுபடி எழுந்து நிற்பேன். லெட்ஜரில் ஒரு எண் பிசகினால் சிவப்பு மையில் அடித்து, சுருக்கொப்பம் போட்டு, ஆபீசரிடம் முகம் கொடுக்க வேண்டும். இங்கே ஐம்பது தடவை செத்தாலும் கேட்பார் இல்லை. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பெட்டி வெடித்து விடவில்லை. அது எனக்குப் பெரிய செய்தி.

விளையாட்டைப் பதிந்து வைக்க ஒரு வழி, வேறு ஃபிளாப்பிக்குப் பிரதி எடுக்க ஒரு வழி, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. இப்படி ஒவ்வொன்றாகத் தேவைக்குக் கற்றுக் கொண்டதில், கண்ணடிக்கும் அந்தக் கோட்டைப் பார்த்தால் பயம் போய், "சொல்லு, என்ன வேணும்?" என்று கேட்கிற மாதிரி தோன்ற ஆரம்பித்தது.

இங்கேதான் எங்கள் ஹெட் கேஷியர் வருகிறார். பெயர் வேண்டாம். அப்போது 50 வயது. நோட்டுக் கட்டைக் கையில் எடுத்தால் எண்ணாமலே ஒரு நோட்டுக் குறைகிறது என்று சொல்லக் கூடியவர். ஆனாலும் இரண்டு முறை எண்ணாமல் கொடுக்க மாட்டார். கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் மனிதர் உள்ளுக்குள் நொறுங்கிப் போனார். இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். "என்னை ஏதாவது மூலைக்குத் தூக்கிப் போட்டுடுவாங்கய்யா. இந்த வயசுல நான் எங்க போய் ஏபிசிடி தேடறது?" என்று ஒரு நாள் கேஷ் கேபினுக்குள் கண் கலங்கினார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க சார்" என்றேன்.

வந்தார். காபி குடித்தார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். மூன்றாவது வாரம் என் பையன் அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். "அங்கிள், இது பேங்க் கம்ப்யூட்டர் இல்ல. சும்மா கேம்தான்."

அவர் விளையாடிய அழகை நான் மறக்க மாட்டேன். அந்த விளையாட்டில் ஷிஃப்ட் பொத்தானை அமுக்கியபடி அம்புக்குறியை அமுக்கினால் அந்த வாலிபன் ஓடாமல் ஒரே ஓர் அடி மட்டும் எடுத்து வைப்பான். விளிம்பு வந்தால் நின்றுவிடுவான். ஹெட் கேஷியர் முழுக்க முழுக்க அப்படியே போனார். அடி அடியாக. ஒவ்வோர் அடிக்கும் ஒரு முறை திரையைப் பார்ப்பார், ஒரு முறை விசைப்பலகையைப் பார்ப்பார். இரண்டு முறை எண்ணுகிற பழக்கம். அவர் ஆள் விழுந்ததே அபூர்வம். ஆனால் நாலாவது நிலைக்குப் போவதற்குள் 60 நிமிஷமும் தீர்ந்து போகும். என் பையன் ஓடி ஓடிச் செத்தான், அவர் நடந்து நடந்து நேரத்தில் தோற்றார். "டேய், நீ அவசரத்துல போற, நான் நிதானத்துல போறேன்" என்று இருவரும் சிரிப்பார்கள்.

டினாமினேஷன் ஸ்லிப்பின் பின்புறத்தில் குறிப்பு எடுப்பார். எந்த நிலையில் எத்தனை அடி, எங்கே ஈட்டி, எந்தப் பலகை விழும் என்று கணக்குப் பிள்ளை மாதிரி வரிசை எண் போட்டு எழுதுவார். அடுத்த வாரம் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துக் கொண்டு ஆரம்பிப்பார். ஷிஃப்ட் எங்கே, என்டர் எங்கே, கன்ட்ரோல் எங்கே என்று அவர் விரல்கள் தானாகப் போக ஆரம்பித்ததை அவரே கவனிக்கவில்லை.

தீபாவளி நெருக்கத்தில் பையன் 12ஆம் நிலைக்குப் போய்விட்டான். அங்கே ஒரு சிக்கல். நாலாவது நிலையில் ஒரு கண்ணாடி வழியில் நிற்கும். அதன் மேல் பாய்ந்துதான் தாண்ட வேண்டும். தாண்டும்போது கண்ணாடியிலிருந்து நம் ஆள் மாதிரியே ஒரு நிழல் உருவம் பிரிந்து ஓடிவிடும். அதன் பிறகு வழி நெடுக நமக்குத் தொல்லை கொடுக்கும். மருந்தைக் குடித்துவிடும், கதவை மூடிவிடும். 12ஆம் நிலையில் அந்த நிழல் வாளை உருவிக் கொண்டு எதிரில் நிற்கிறது. பையன் வெட்டினான். நிழலுக்கு ஓர் உயிர் குறைந்தால் இவனுக்கும் ஓர் உயிர் குறைந்தது. நிழலைக் கொன்றால் இவனும் செத்தான். நான்கு நாளாக இதே கதை. நானும் முயன்று பார்த்தேன். ரிச்சி தெருப் பையனிடமும் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தோம்.

அந்த ஞாயிறு ஹெட் கேஷியர் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏன்டா, அது நம்ம ஆள்தானே? நம்ம ஆளையே எதுக்கு அடிக்கற? கத்தியை உள்ள வை."

பையன் கீழ் அம்புக்குறியை அமுக்கினான். வாள் உறைக்குள் போயிற்று. எதிரில் இருந்த நிழலும் வாளை உறையில் போட்டது! "இப்ப நட" என்றார். நடந்தான். இருவரும் மோதுகிற இடத்தில் ஒரு மின்னல். நிழல் இவனுக்குள் கலந்துவிட்டது. வீடே கை தட்டியது. என் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஹெட் கேஷியரின் தோளைத் தட்டினார்.

அதோடு முடியவில்லை. அதற்கு அடுத்து ஒரு பெரிய பள்ளம். தரையே கிடையாது. தாண்டவும் முடியாத தூரம். என்ன செய்வது என்று தெரியாமல் பையன் கண்ணை மூடிக் கொண்டு காலை எடுத்து வைத்தான். வைத்த இடத்தில் ஒரு பலகை வந்தது. அடுத்த அடி வைத்தான், அடுத்த பலகை. நிழலோடு சேர்ந்தவனுக்குத்தான் அந்தப் பாலம் தெரியும், அதுவும் காலை வைத்த பிறகுதான். கெடுவில் இரண்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது பையன் ஜாஃபரை வென்று ராஜகுமாரியிடம் போய்ச் சேர்ந்தான்.

ஹெட் கேஷியர் மட்டும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வாசல் வரை வழியனுப்பப் போனேன். செருப்பை மாட்டிக் கொண்டே சொன்னார். "டிரெயினிங் லிஸ்ட்ல என் பேரையும் எழுதச் சொல்லுய்யா."

1995இல் எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கண்ணாடித் தடுப்பு, ஏ.சி., செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலை போட்டுச் சாம்பிராணி காட்டினோம். பல மாதங்கள் லெட்ஜரிலும் எழுதி, மெஷினிலும் ஏற்றி, சாயங்காலம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். இரட்டை வேலை. எல்லோரும் முனகினார்கள். ஹெட் கேஷியர் முனகவில்லை. ஒவ்வொரு ரசீதையும் திரையில் மூன்று முறை படித்துவிட்டுத்தான் என்டர் அடிப்பார். ஷிஃப்ட் நடை. அவர் கவுண்டர் முன்னால் கியூ வாசல் வரை நிற்கும். "என்ன சார், மெஷின் வந்தும் இப்படியா?" என்று வாடிக்கையாளர்கள் சலித்துக் கொள்வார்கள். ஆனால் சாயங்காலம் அவர் கேஷில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்ததில்லை. ஆறு மாதத்தில் வேகமும் வந்துவிட்டது.

2000-01இல் வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் கிளையில் மட்டும் நான்கு பேர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெண் கல்யாணம், வீட்டுக் கடன், உடம்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். கம்ப்யூட்டர் நமக்கு ஒத்து வராது என்பதும் சிலருக்குக் காரணம்தான். திறமைசாலிகள், நல்ல மனிதர்கள். ஐந்தாறு வருஷம் உறை போட்ட பெட்டியைப் பார்ப்பது போலவே கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பன்னிரண்டு வயதுப் பையன், ஒரு 40 ரூபாய் ஃபிளாப்பி அமையவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றும்.

ஹெட் கேஷியர் விண்ணப்பப் படிவத்தை வாங்கிக் கொண்டு போய், மறுநாள் எழுதாமலே திருப்பிக் கொடுத்தார். "நேரம் இருக்கற வரைக்கும் நடப்போம்யா" என்றார். 2004இல் அதே கவுண்டரிலிருந்து ஓய்வு பெற்றார். கடைசி வரை அந்த விளையாட்டை அவர் ஒரு முறை கூட ஜெயிக்கவில்லை. ஆறாவது நிலைதான் அவர் எட்டிய உயரம்.

அந்த 286 கம்ப்யூட்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஃபிளாப்பி மட்டும் இருக்கிறது. பூஞ்சணம் பூத்துவிட்டது, அதைப் படிக்கிற பெட்டியும் இப்போது கிடையாது. 2012இல் ஜோர்டான் மெக்னரின் அப்பா வீட்டு அலமாரியைக் குடைந்தபோது, தொலைந்து போனதாக நினைத்த அந்த விளையாட்டின் மூல நிரல் இருந்த பழைய வட்டுகள் கிடைத்தனவாம். விவரம் தெரிந்தவர்களை வைத்து அதைப் பத்திரமாகப் படித்து எடுத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார் மெக்னர். படித்ததும் என் அப்பாவை நினைத்துக் கொண்டேன். அவர் 1999இல் போய்விட்டார். இருந்திருந்தால், "பார்த்தியா, அப்பன்மார்தான் எதையும் தூக்கிப் போட மாட்டாங்க" என்றிருப்பார்.

ஹெட் கேஷியரும் இப்போது இல்லை. அவர் எழுதிய டினாமினேஷன் ஸ்லிப்புகளில் ஒன்று ஃபிளாப்பியின் காகித உறைக்குள்ளேயே தங்கிவிட்டது. முன்பக்கம் நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று நோட்டுக் கணக்கு. பின்பக்கம் பொடி எழுத்தில் ஆறு நிலைகளுக்கான அடிக் கணக்கு. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, தான் போகவே போகாத 12ஆம் நிலைக்கும் ஒரு வரி எழுதி, கீழே வழக்கம் போலச் சுருக்கொப்பமும் போட்டிருக்கிறார்: "12 - அடிக்க வேண்டாம். கத்தியை உள்ளே வைத்துவிட்டு நடக்கவும்."